கேள்வி பதில்: சொந்த அப்லிங்க்கா, டெலிபோர்ட்டா?

கேள்வி: புதிதாக ஒரு டிவி சேனல் தொடங்குகிறோம். அப்லிங்க் வசதியை, அதாவது செயற்கைக்கோளுக்குச் சிக்னல் ஏற்றும் நிலையத்தை, நாங்களே கட்டிக்கொள்ளலாமா, பல சேனல்களுக்கு அந்த வேலையைச் செய்து தரும் டெலிபோர்ட்டில் வாடகைக்கு எடுக்கலாமா?

பதில்: வாடகைக்கே எடுங்கள். பெரிய டிஷ்ஷைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம், அது பெரிய விஷயமில்லை. ராப்பகலாக அதைக் காப்பாற்றுவதுதான் பாடு. எல்லாம் இரட்டையாக இருக்க வேண்டும்: ஓர் ஆம்ப்ளிஃபையர் ஓடும்போது இன்னொன்று தயாராக நிற்கும், கரண்ட் போனால் ஜெனரேட்டர் பிடிக்கும்வரை யூ.பி.எஸ். தாங்க வேண்டும். அப்புறம், சி பேண்ட் என்ற அலைவரிசைத் தொகுதியில் ஒரு டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோளில் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி) பெரும்பாலும் 36 மெகாஹெர்ட்ஸ் அகலம். ஒற்றைச் சேனலுக்கு அவ்வளவு தேவைப்படாது. டெலிபோர்ட்காரர்கள் பல சேனல்களை ஒரே கேரியரில் (சிக்னலைச் சுமக்கும் அலையில்) சேர்த்து அனுப்புவதால் செலவு பங்காகிவிடும்.

டவுன்லிங்க் என்றால் செயற்கைக்கோளிலிருந்து இறங்குவதைக் காது கொடுத்துக் கேட்பதுதான், யாருக்கும் தொந்தரவில்லை. அப்லிங்க் அப்படியல்ல. முதல்முறை சிக்னல் ஏற்றும்போது டெலிபோர்ட் எஞ்சினியர் செயற்கைக்கோள் கட்டுப்பாட்டு மையத்தோடு போனில் இருப்பார். படமும் ஒலியும் இல்லாத வெறும் கேரியரைக் குறைந்த பவரில் அனுப்புவார், அந்தப் பக்கம் ஒருவர் சிக்னலை அலைவரிசைவாரியாகக் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரைப் பார்த்தபடி "இன்னும் கொஞ்சம் திருப்புங்க, போதும், இல்ல, லேசா பின்னால" என்று சொல்லச் சொல்ல, இவர் டிஷ்ஷின் முன்னால் இருக்கும் ஃபீடை நூலளவு நூலளவாகத் திருப்புவார். எதிர்ப் போலரைசேஷனில் (அதே அலைவரிசையில், அலை அதிரும் திசையை மாற்றி வேறொருவர் பயன்படுத்தும் பாதையில்) நம் கசிவு அடங்கிய பிறகுதான் பவரை ஏற்ற அனுமதி. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், பராமரிப்பு முடிந்த அவசரத்தில் இந்தச் சோதனையை விட்டுவிட்டோம். யாரோ ஒருவருடைய சேனல் கட்டம் கட்டமாக உடைந்து, சில நிமிடங்களில் போன் வந்தது. இன்றைக்கும் அது உறுத்துகிறது. அதனால் வாடகை பேசும்போது, இரவு ஷிப்டில் உட்காருவது யார், அவருக்கு என்ன அனுபவம் என்று கட்டாயம் கேளுங்கள்.

கேள்வி: மழை வந்தால் வீட்டு டிஷ்ஷில் படம் போகிறது. டெலிபோர்ட்டில் என்ன செய்வார்கள்?

பதில்: வீட்டு டிஷ் பயன்படுத்தும், சி பேண்டைவிட உயர்ந்த கேயூ பேண்டில்தான் இந்தத் தொல்லை அதிகம். அலைவரிசை ஏற ஏற மழைத்துளி சிக்னலை அதிகமாகத் தின்னும். சி பேண்ட் ஓரளவு தாங்கிவிடும். உங்கள் வீட்டில் பெய்தால் உங்களுக்கு மட்டும்தான் படம் போகும், டெலிபோர்ட் தலைமேல் கொட்டினால் எல்லாருக்கும் போய்விடும். அதனால் செயற்கைக்கோளிலிருந்து ஒரே அளவில் வந்துகொண்டிருக்கும் பீக்கன் என்ற அடையாளச் சிக்னலைப் பார்த்துக்கொண்டே இருந்து, அது மங்கும் அளவுக்கு ஏற்ப அப்லிங்க் பவரைத் தானாகக் கூட்டும் கருவி வைத்திருப்பார்கள். சிலர் மழை சேர்ந்து வராத தூரத்தில் இரண்டாவது நிலையமும் வைத்திருப்பார்கள்.

கேள்வி: சி பேண்டில் ஏற்றுவதற்கு 6 கிகாஹெர்ட்ஸ், இறக்குவதற்கு 4. ஏன் வேறுவேறு?

பதில்: இரண்டும் ஒன்றாக இருந்தால் செயற்கைக்கோளுக்குத் தன் குரலே காதில் விழும். உயர்ந்த அலைவரிசையை மேலே அனுப்பப் பயன்படுத்துவதற்கும் காரணம் உண்டு: மழையிலும் வளிமண்டலத்திலும் அதற்குத்தான் இழப்பு அதிகம், அதை ஈடுகட்டத் தரையில் நம்மிடம் பவர் இருக்கிறது. 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்கோ சோலார் பேனலும் பேட்டரியும்தான்.

கேள்வி: வருடத்தில் இரண்டு முறை, சில நாட்கள், பகலில் சில நிமிடம் சிக்னல் போகிறதே?

பதில்: அது சன் அவுட்டேஜ். பகலும் இரவும் சமமாகும் நாட்களை ஒட்டி, செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் சூரியன் வந்து நிற்கும், அதன் இரைச்சலில் சிக்னல் மூழ்கிவிடும். பழுது இல்லை, சரி செய்யவும் முடியாது. ஆனால் எந்த நாள், எந்த நேரம் என்று முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். டெலிபோர்ட்டில் அந்த அட்டவணையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அந்த நிமிடங்களில் நேரலை வைக்காதீர்கள்.