வீட்டுக் கம்ப்யூட்டர்: எதை எதோடு சேர்ப்பது?

இந்த இதழுக்கு வந்த கேள்விகள் எல்லாமே வீட்டிலேயே அசெம்பிள் செய்யும் டெஸ்க்டாப்பைப் பற்றியவை. நல்ல பாகங்களை வாங்கியும் ஏமாந்தவர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். பாகத்தில் குறை இல்லை. ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று பார்க்காததுதான் குறை.

கேள்வி: பிள்ளைகளின் படிப்பு, என் அலுவலக வேலை, எப்போதாவது வீடியோ எடிட்டிங். இதற்கு முதலில் பிராசசரைத் தேர்ந்தெடுப்பதா, மதர்போர்டையா? தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டுமா?

பதில்: பிராசசரை முதலில் முடிவு செய்யுங்கள். அது தெரிந்தால் சாக்கெட், அதாவது போர்டில் அது அமரும் இடத்தின் வகை, தெரியும். சாக்கெட் தெரிந்தால் போர்டும் ராம் வகையும் பாதி முடிவானது போலத்தான். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் பிராசசர்களுக்கான ஏஎம்4 சாக்கெட் என்றால் டிடிஆர்4 வகை ராம் மட்டும். ரைசனின் அடுத்த சாக்கெட்டான ஏஎம்5, இன்டெலின் எல்ஜிஏ1851 இரண்டும் டிடிஆர்5 மட்டும். இன்டெல் 12, 13, 14-ம் தலைமுறைக்கான எல்ஜிஏ1700-ல்தான் குழப்பம். அதில் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. கிட்டத்தட்ட ஒரே பெயரில் இரண்டும் விற்கும். மாடல் பெயரின் கடைசியில் டி4, டிடிஆர்4, டி5 என்று எந்தக் குறி இருக்கிறது என்று பார்த்துவிட்டு ராம் வாங்குங்கள்.

நீங்கள் சொல்லும் வேலைக்குத் தனி கார்டு தேவையில்லை. ஆனால் பிராசசருக்குள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்க வேண்டும். இன்டெலில் எண்ணுக்குப் பின்னால் எஃப் வந்தால் அதில் கிராஃபிக்ஸ் கிடையாது: ஐ5 12400-ல் உண்டு, 12400எஃப்-ல் இல்லை. ரைசன் 5000 வரிசையில் எண்ணுக்குப் பின்னால் ஜி வருபவற்றில்தான் உண்டு; 5600ஜி-யில் படம் வரும், 5600-ல் தனி கார்டு இல்லாமல் வராது. ரைசன் 7000, 9000 வரிசை டெஸ்க்டாப் பிராசசர்களில், 7500எஃப் போன்ற எஃப் ரகங்களைத் தவிர, சிறிய கிராஃபிக்ஸ் ஒன்று இருக்கும். படம் காட்டவும் வீடியோ ஓட்டவும் அது போதும், விளையாட்டுக்குப் போதாது.

எடிட்டிங்கும் உண்டு என்பதால் ஐ5 12400 போன்ற ஒன்றைச் சொல்வோம். அதன் உள் கிராஃபிக்ஸில் உள்ள குவிக் சிங்க் வசதி வீடியோ கோப்புகளைப் படிப்பதிலும் ஏற்றுமதி செய்வதிலும் பிராசசரின் சுமையைக் குறைக்கும். பின்னாளில் பெரிய கார்டு போடும் எண்ணம் இருந்தால் 5600ஜி நல்ல அடித்தளம் அல்ல. 5600-ல் 32 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே உள்ள அதிவேக நினைவகம்) இருக்க, 5600ஜி-யில் 16 எம்பிதான், கார்டோடு தரவு போய்வரும் பிசிஐஇ பாதையும் 3.0-வோடு நின்றுவிடுகிறது.

ராம் 16 ஜிபி, இரண்டு 8 ஆக. உள் கிராஃபிக்ஸுக்கென்று தனி நினைவகம் இல்லை, ராமையே அது பங்கு போட்டுக்கொள்கிறது. ஒற்றை 16 ஜிபி போட்டால் தரவு போகும் வழி பாதியாகி, உள் கிராஃபிக்ஸின் வேகம் நன்றாகவே அடிவாங்கும்.

கேள்வி: ரைசன் 9000 வரிசை பிராசசரும், பெட்டி பிரிக்காத பி650 போர்டும் வாங்கினேன். சாக்கெட் பொருந்துகிறது. ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை. போர்டு பழுதா?

பதில்: பழுது என்று முடிவு கட்ட வேண்டாம். ஏஎம்5 சாக்கெட் வந்தது 2022-ல், உங்கள் பிராசசர் வரிசை வந்தது 2024-ல். இடைப்பட்ட காலத்தில் தயாரான போர்டு என்றால் அதிலுள்ள பயாஸுக்கு (கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் போர்டின் உள் மென்பொருள்) அந்த பிராசசரைத் தெரியாது. எல்ஜிஏ1700-ல் பழைய 600 வரிசை போர்டில் 14-ம் தலைமுறையைப் பொருத்துபவர்களுக்கும் இதே கதைதான்.

போர்டின் பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருந்தால் பிராசசரைக் கழற்றாமலே வேலை முடியும். உங்கள் போர்டின் மாடலும் ரிவிஷன் எண்ணும் பார்த்து, தயாரிப்பாளர் தளத்திலிருந்து புதிய பயாஸை இறக்குங்கள். யுஎஸ்பி டிரைவை ஃபேட்32-ஆக ஃபார்மேட் செய்து, கோப்புக்கு கையேட்டில் சொன்ன பெயரை எழுத்துப் பிசகாமல் வையுங்கள். அதற்கென்று குறியிட்ட யுஎஸ்பி துளையில்தான் செருக வேண்டும். பக்கத்துத் துளையில் செருகினால் வேலை நடக்காது. போர்டுக்கு வரும் 24 பின், 8 பின் மின் இணைப்பு இரண்டும் இருக்கட்டும். பட்டனைச் சில விநாடி அழுத்துங்கள். விளக்கு மின்னி மின்னித் தானாக அணையும்வரை, பத்து நிமிடம் ஆனாலும், மின்சாரத்தை நிறுத்தாதீர்கள். பாதியில் நின்றால் பயாஸ் கெட்டுவிடும்.

பட்டன் இல்லாத போர்டு என்றால், பழைய பிராசசர் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டு அப்டேட் செய்வதுதான் வழி. இனி வாங்குபவர்கள், போர்டின் 'சப்போர்ட்' பட்டியலில் தங்கள் பிராசசருக்கு எதிரே எந்த பயாஸ் எண் போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கேள்வி: 3200 வேக டிடிஆர்4 ராம் வாங்கினேன். டாஸ்க் மேனேஜரில் 2133 என்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை. பயாஸுக்குள் போய், ராமை அதன் அறிவித்த வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை ஆன் செய்யுங்கள். ரைசன் போர்டுகளில் டிடிஆர்4-க்கு டிஓசிபி என்றும், டிடிஆர்5-க்கு எக்ஸ்போ என்றும் பெயர் இருக்கலாம். வேறு சில மென்பொருள்கள் 1600 என்று காட்டினாலும் பயப்பட வேண்டாம். டிடிஆர் ஒரு துடிப்பில் இரண்டு முறை தரவு அனுப்புவதால் அவை பாதியைக் காட்டுகின்றன.

வேக எண்ணை மட்டும் பார்த்து ராம் வாங்குபவர்களுக்கு ஒரு கணக்கு: சிஎல் எண்ணை (கேட்ட தரவு வர எத்தனை துடிப்பு ஆகும் என்பது) 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் தாமதம் நானோ விநாடியில் வரும். டிடிஆர்4 3200 சிஎல்16 என்றால் 10. டிடிஆர்5 6000 சிஎல்30 என்றாலும் 10. டிடிஆர்5 4800 சிஎல்40 என்றால் ஏறக்குறைய 16.7. டிடிஆர்5 என்பதாலேயே எல்லாம் வேகம் என்று இல்லை.

ஏஎம்5-ல் நான்கு ஸ்லாட்டையும் நிரப்ப நினைக்காதீர்கள். ரைசன் 7000-க்கு இரண்டு ராம் வரை அதிகாரபூர்வ வேகம் 5200. நான்கு போட்டால் 3600. 32 ஜிபி வேண்டுமென்றால் முதலிலேயே இரண்டு 16 ஆக, ஒரே பெட்டியில் வரும் ஜோடியாக வாங்குங்கள்.

கேள்வி: எத்தனை வாட் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) போதும்? கேபினெட்டுடன் இலவசமாக வரும் 500 வாட் போதாதா?

பதில்: வாட்டைவிட முதலில் லேபிளைப் படியுங்கள். இன்றைய கம்ப்யூட்டரில் பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் 12 வோல்ட்டிலிருந்தே மின்சாரம் எடுக்கின்றன. லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே உள்ள ஆம்பியரை 12-ஆல் பெருக்குங்கள். 500 வாட் என்று பெரிதாக அச்சிட்ட பெட்டியில் 30 ஆம்பியர் என்று இருந்தால், உங்களுக்குப் பயன்படுவது 360 வாட்தான். மீதி 3.3, 5 வோல்ட்டில் சும்மா கிடக்கும். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் இந்தப் பெருக்குத்தொகை மொத்த வாட்டுக்கு மிக அருகில் வரும். இலவசமாக வரும் பெட்டியில் அந்த வரியே இல்லாவிட்டால் அதைத் தொடாதீர்கள். முழுக் கம்ப்யூட்டரும் தொங்குவது இந்த ஒரு பாகத்தில். எல்லாம் வாங்கிய பின் மிச்சமிருக்கும் பணத்தில் இதை வாங்குவது பெரிய தவறு.

இனி கணக்கு. பிராசசர் பெட்டியில் டிடிபி என்று போட்டிருக்கும் வாட் அளவை நம்பாமல் உச்ச அளவை எடுத்துக்கொள்ளுங்கள். ரைசன் 5 7600-க்கு 65 வாட் என்று போட்டிருக்கும். உண்மையில் 88 வரை போகும். ஐ5 14400-ம் 65 என்றுதான் சொல்லும்; வேகத்தைக் கூட்டும் டர்போ நிலையில் 148. கிராஃபிக்ஸ் கார்டில் ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 115, 4070-க்கு 200. போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாவற்றுக்கும் சேர்த்து 60. ரைசன் 7600, 4060 ஜோடிக்கு மொத்தம் 263 வாட்; தரமான 450 தாராளமாகப் போதும். 14400, 4070 ஜோடிக்கு 408. அங்கே 650 எடுங்கள். இவ்வளவு இடைவெளி எதற்கு என்றால், கிராஃபிக்ஸ் கார்டு கண்ணிமைக்கும் நேரத்தில் சராசரியைப்போல் இரு மடங்குவரைகூட இழுக்கும். அதைத் தாங்காத எஸ்எம்பிஎஸ் விளையாட்டின் நடுவே சட்டென்று அணைந்துவிடும். பலர் அதைக் கார்டின் கோளாறு என்று நினைத்துக் கார்டை மாற்றுகிறார்கள்.

80 பிளஸ் முத்திரை மின் சிக்கனத்துக்கு, உறுதிக்கு அல்ல. 115 வோல்ட் சோதனையில் பாதிச் சுமையில் வெண்கல (ப்ரான்ஸ்) முத்திரை என்றால் திறன் 85 சதவீதம், தங்க (கோல்டு) முத்திரை என்றால் 90. அதாவது உள்ளே 300 வாட் தேவைப்பட்டால் சுவரிலிருந்து ஒன்று சுமார் 353 வாட் எடுக்கும், மற்றது 333. உத்தரவாதக் காலம் எத்தனை ஆண்டு என்பது முத்திரையைவிட நிறையச் சொல்லும்.

இரண்டு எச்சரிக்கைகள். கழற்றி மாட்டும் மாடுலர் கேபிள்களைப் பழைய எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து எடுத்துப் புதியதில் செருகவே செருகாதீர்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசைக்குப் பொது விதி இல்லை. நிறுவனம் ஒன்றாக இருந்தாலும் மாடலுக்கு மாடல் மாறலாம். 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 12 வந்தால் எஸ்எஸ்டி, ஹார்டு டிஸ்க் எல்லாம் அந்த நொடியே போய்விடும், உள்ளிருக்கும் படங்களோடு. அடுத்தது, பிராசசருக்கான 8 பின்னும் கிராஃபிக்ஸ் கார்டுக்கான 8 பின்னும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். வயர் வரிசை நேர்மாறு. பிராசசருடையது 4+4 ஆகப் பிரியும், கார்டுடையது 6+2 ஆக. போகவில்லை என்றால் அழுத்தாதீர்கள்.

யுபிஎஸ் வைத்திருப்பவர்கள் விஏ-யை வாட் என்று எண்ண வேண்டாம். 600 விஏ என்று போட்ட பல யுபிஎஸ்கள் 360 வாட்தான் தரும்.

கேள்வி: எம்.2 எஸ்எஸ்டி மாட்டியதும், ஏற்கெனவே இருந்த ஹார்டு டிஸ்க் காணாமல் போய்விட்டது. ஏன்?

பதில்: சில போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டும், ஹார்டு டிஸ்க் கேபிள் செருகும் சாட்டா துளைகளில் ஒன்றிரண்டும் ஒரே பாதையைப் பகிர்கின்றன; எம்.2-வில் எதையாவது மாட்டினால் அந்தத் துளைகள் செத்துவிடும். எவை என்று கையேட்டில் இருக்கும். ஹார்டு டிஸ்க் கேபிளை வேறு சாட்டா துளைக்கு மாற்றுங்கள், திரும்பி வந்துவிடும்.

எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அந்த வடிவத்திலேயே சாட்டா எஸ்எஸ்டியும் வரும், பிசிஐஇ பாதையில் ஓடும் வேகமான என்விஎம்இ-யும் வரும். சாட்டா நொடிக்கு சுமார் 550 எம்பி, பிசிஐஇ 3.0 என்விஎம்இ சுமார் 3500, 4.0 என்றால் சுமார் 7000. வீட்டு வேலையில் 550-லிருந்து 3500-க்குப் போனால் ஓரளவு தெரியும். 3500-லிருந்து 7000 பெரும்பாலும் தெரியாது. அந்தப் பணத்தில் கொள்ளளவைக் கூட்டுங்கள்.

கேள்வி: பிராசசருக்கும் கூலருக்கும் இடையே பூசும் தெர்மல் பேஸ்ட் தனியாக வாங்க வேண்டுமா?

பதில்: பிராசசருடன் வரும் கூலரில் பெரும்பாலும் பூசியே இருக்கும், வேண்டாம். தனியாக வாங்கிய கூலர் என்றால் அடிப்பகுதியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டீர்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எல்லாம் மாட்டிவிட்டேன். ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: மானிட்டர் கேபிளிலிருந்து. தனி கார்டு இருந்தால் கேபிள் கார்டில் இருக்க வேண்டும், போர்டில் அல்ல. அடுத்து, போர்டின் மேல் மூலையில் பிராசசருக்கான 8 பின். 24 பின்னை மட்டும் செருகிவிட்டு இதை மறப்பவர்கள் அதிகம்; ஃபேன் சுற்றுவதால் மின்சாரம் வந்துவிட்டது என்று தோன்றும்.

டிடிஆர்5 என்றால் காத்திருங்கள். முதல் முறை ஆன் செய்யும்போது போர்டு ராமைப் பழக்கிக்கொள்ள சில நிமிடங்கள் எடுக்கும். அதுவரை திரை கறுப்புதான். பொறுமையிழந்து அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பத்து நிமிடம் தாண்டியும் வரவில்லை என்றால், சுவிட்சை அணைத்து, ஒரே ஒரு ராமை பிராசசரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில் 'க்ளிக்' சத்தம் வரும்வரை அழுத்திப் பாருங்கள். நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு போடும்போதும் இடம் இரண்டும் நான்கும்தான். போர்டின் ஓரத்தில் சிபியு (பிராசசர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (தொடக்க டிரைவ்) என்று நான்கு சிறு விளக்குகள் இருந்தால், எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு.

இதற்கும் மசியவில்லை என்றால் போர்டை கேபினெட்டிலிருந்து எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வையுங்கள். வெள்ளி நிற உறையின் மேல் வைக்காதீர்கள். அதன் வெளிப்பக்கம் மின்சாரம் கடத்தக்கூடும். பிராசசர், கூலர், ஒரு ராம், மின் இணைப்பு, உள் கிராஃபிக்ஸ் இல்லையென்றால் கார்டு: இவ்வளவு போதும். பவர் சுவிட்சுக்கான இரண்டு பின்களை ஸ்க்ரூ டிரைவரால் ஒரு கணம் தொட்டால் ஆன் ஆகும். வெளியே வேலை செய்து உள்ளே செய்யவில்லை என்றால், போர்டுக்கு அடியில் துளை இல்லாத இடத்தில் ஒரு பித்தளை ஸ்டாண்டாஃப் (போர்டைத் தாங்கும் சிறு தூண்) முட்டிக்கொண்டிருக்கலாம். சிறிய மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டைப் பெரிய ஏடிஎக்ஸ் கேபினெட்டில் வைப்பவர்கள் இதைக் கட்டாயம் எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: பயன்படுத்திய பாகங்களில் எதை நம்பி வாங்கலாம்?

பதில்: கேபினெட், கூலர், ராம், பிராசசர். பிராசசர் எளிதில் கெடுவதில்லை. விதிவிலக்கு, இன்டெல் 13, 14-ம் தலைமுறையின் உயர்ரகங்கள்: தேவைக்கு மேல் வோல்டேஜ் போய் அவற்றில் சில நிலைகுலைந்தது 2024-ல் பெரிதாகப் பேசப்பட்டது. இன்டெல் வெளியிட்ட மைக்ரோகோடு (பிராசசரின் உள் நிரல்) திருத்தம் இனி கெடாமல் காக்கும், கெட்டதைச் சரியாக்காது. ஏஎம்5, எல்ஜிஏ போர்டு வாங்கினால் போர்டைச் சாய்த்துப் பிடித்து சாக்கெட்டின் பின்களை வெளிச்சத்தில் பாருங்கள். ஒன்று வளைந்திருந்தாலும் வரிசை கலைந்து தெரியும். கிராஃபிக்ஸ் கார்டை அரை மணி நேரமாவது முழுச் சுமையில் ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். எஸ்எஸ்டி என்றால், அது தன் நிலையைத் தானே பதிவு செய்யும் ஸ்மார்ட் அறிக்கையில், இதுவரை எழுதப்பட்ட தரவு மொத்தம் எத்தனை டிபி (டெராபைட்) என்று கேளுங்கள். எஸ்எம்பிஎஸ் மட்டும் புதிதாகவே வாங்குங்கள்.