கொட்டகையில் கிடக்கும் பழைய ரேஸ் கார்ட்டை 47 வயதில் ஓட்டலாமா?

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு வயது 47. சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது மூன்று வருடம் நூறு சிசி கார்ட் (தரையை ஒட்டி ஓடும் சின்னப் பந்தய வண்டி) பந்தயம் ஓட்டினேன். 2003இல் ஊர் திரும்பும்போது வீட்டுச் சாமான்களோடு கார்ட்டையும் கொண்டுவந்துவிட்டேன். யமஹா கேடி 100 இன்ஜின், கிளட்ச் கிடையாது. அன்று முதல் தோப்புக் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. வெளிநாடுகளில் என் வயதுக்காரர்கள் பழைய கார்ட்டுகளைத் துடைத்தெடுத்துக் குறைந்த செலவில் மீண்டும் ஓட்டுவதைப் பார்த்ததிலிருந்து ஆசை விடவில்லை. இதை ஓடவைக்க முடியுமா? ஆர்எக்ஸ் 100 பைக் இன்ஜினை மாட்டினால் செலவு பாதியாகும் என்கிறார் மச்சான். எங்கே ஓட்டுவது? (கடையநல்லூர் வாசகர்)

பதில்: முடியும் தம்பி. ஆனால் இதைப் படித்து முடிக்கும்வரை அந்த இன்ஜினைச் சுழற்றிப் பார்க்காதீர்கள். பைக்கில் கயிறு கட்டி இழுத்துப் பார்க்கவும் வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் வடிந்த பிறகு என் பட்டறை வாசலில் பைக்குகள் வரிசையாக நின்றன. தண்ணீரில் கிடந்தவற்றை அப்படியே கொண்டுவந்தவர்களுக்குக் குறைந்த செலவில் முடிந்தது. "ஓடுகிறதா பார்ப்போம்" என்று கிக்கரை நாலு உதை உதைத்துவிட்டுக் கொண்டுவந்தவர்களுக்கு கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு), சிலிண்டர் இரண்டும் போயிருந்தன. உங்கள் கார்ட் வெள்ளத்தில் கிடக்கவில்லை. ஆனால் இருபது ஆண்டுக்கு மேல் குற்றாலச் சாரல் காற்றைக் குடித்திருக்கிறது. டூ ஸ்ட்ரோக் இன்ஜினின் கிராங்குக்குத் தனியாக ஆயில் தொட்டி கிடையாது. பெட்ரோலில் கலந்து வரும் ஆயில்தான் அதற்கு எல்லாம். அந்த ஆயில் எப்போதோ அரக்காக உறைந்திருக்கும். அதற்கடியில் பேரிங் குண்டுகளில் துருப்புள்ளிகள் இருந்தால், உலர்ந்த நிலையில் ஒரு சுற்று சுற்றுவதே கெடுதல். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் இரண்டு மூடி டூ ஸ்ட்ரோக் ஆயில் ஊற்றி, செயினைக் கழற்றிவிட்டு இரண்டு நாள் விடுங்கள். பிறகு இன்ஜின் பக்கத்து ஸ்ப்ராக்கெட்டை (செயின் ஓடும் பல்சக்கரம்) கையால் மெதுவாகத் திருப்புங்கள். திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் இன்ஜினைப் பிரித்தாக வேண்டும். திரும்பாவிட்டால் வலுவைக் காட்டாதீர்கள், அவ்வளவுதான்.

மச்சானின் யோசனை இந்தச் சீமையில் யாருக்கும் தோன்றக்கூடியதுதான். ஆர்எக்ஸ் 100 நம் சாலைகளில் 1985 முதல் 1996 வரை புதிதாக இறங்கிய வண்டி. அதன் சத்தம் கேட்டுத் திரும்பாத தலை இங்கே குறைவு. அதன் போர் (சிலிண்டரின் அகலம்) 50 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50 மி.மீ.; உங்கள் கேடி 100 இன்ஜினில் 52க்கு 46. கன அளவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் மாற்றிவிடலாம் என்று தோன்றும். ஆர்எக்ஸ் இன்ஜின் கியர்பாக்ஸையும் கிளட்சையும் தன் வயிற்றிலேயே சுமந்து வருகிறது. உங்கள் இன்ஜினோ சட்டத்தின் இரண்டு குழாய்கள்மேல் கிளாம்ப் போட்டு உட்கார்ந்திருக்கிறது. அந்த இடத்தில் ஆர்எக்ஸை உட்காரவைக்க வேண்டுமானால் சட்டத்தில் பட்டைகளை வெல்டிங் செய்தாக வேண்டும். அங்கேதான் கார்ட் செத்துப்போகிறது.

கார்ட்டுக்குச் சஸ்பென்ஷன் இல்லை, இரண்டு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியலும் இல்லை. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே தண்டில் பூட்டியவை. வளைவில் வெளிச்சக்கரம் அதிகத் தூரமும் உள்சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டும். ஒரே தண்டில் இது நடக்காது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சட்டமே முறுக்கிக்கொண்டு, உள்பக்கப் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து லேசாகத் தூக்கிவிடுகிறது. அதனால்தான் கார்ட் திரும்புகிறது. அந்தக் குழாய்கள் வெறும் சட்டமல்ல; ஸ்பிரிங்கும் அவைதான். நடுவில் ஒரு பட்டையை வைத்து இறுக்கிவிட்டால் வண்டி வளைவில் முரண்டு பிடிக்கும், மூக்கு நேராகவே போகும். கேடி 100 அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பல்லாண்டு ஓடிய இன்ஜின். பிஸ்டனும் ரிங்கும் இன்றும் வரவழைக்கலாம். இருப்பதைச் சரிசெய்வதே மலிவு. அது உங்கள் இருபதுகளின் இன்ஜின் என்பதும் எனக்குக் கணக்கில் உண்டு.

செலவைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். கார்ட் பிறந்ததே சிக்கனத்தில். கலிபோர்னியாவில் ரேஸ் கார் கட்டும் பட்டறையில் வேலை பார்த்த ஆர்ட் இங்கெல்ஸ் 1956இல் முதல் கார்ட்டைச் செய்தபோது அதில் வைத்தது புல்வெட்டும் இயந்திரத்துக்காகச் செய்யப்பட்ட ஒரு சின்ன இன்ஜின். பிறகு பந்தயம் வளர, வளர, செலவும் வளர்ந்தது. 2007இல் உலக அளவிலான பெரிய போட்டிகள் நூறு சிசியை விட்டுத் தண்ணீரால் குளிரும் 125 சிசி இன்ஜின்களுக்கு மாறின. பழைய நூறு சிசி வண்டிகள் மூலைக்குப் போயின; அவற்றைத்தான் வெளிநாட்டில் உங்கள் வயதுக்காரர்கள் எடுத்துத் துடைக்கிறார்கள். அவர்களுக்கு மலிவாக முடிவது வண்டி பழையது என்பதால் மட்டுமல்ல தம்பி. பழைய கார்ட்டில்கூட அரை விநாடி குறைக்க ஒருவன் புது டயர், மாற்று சைலன்ஸர், போர்ட் வேலை (சிலிண்டரின் வாயு வழிகளை அரத்தால் அகலமாக்குவது) என்று இறங்கினால் அடுத்தவனும் இறங்குவான். இரண்டு பேருடைய பணமும் தீரும், இடைவெளி அப்படியே இருக்கும். அமெரிக்காவில் பழைய கார்ட்டுக் கூட்டங்கள் பலவற்றில் வெற்றி தோல்வியே கிடையாது. சும்மா ஓட்டிப் பார்க்கும் ஓட்டம்தான். செலவு செய்ய மாட்டோம் என்று நாலு பேர் வாக்குக் கொடுத்துக்கொள்வதில்தான் மலிவு இருக்கிறது.

ஆகவே உங்களோடு ஓட்ட இன்னும் மூன்று பேர் கிடைத்தால், ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எல்லோருக்கும் ஒரே வகைக் கெட்டி டயர், ஒரு பருவத்துக்கு ஒரு செட்தான். பின் ஸ்ப்ராக்கெட்டின் பல் எண்ணிக்கை ஒன்றே. போர்ட்டில் அரம் படக்கூடாது. இதை எழுதாமல் வாய்ப்பேச்சாக விட்டால் ஆறு மாதத்தில் ஒருவர் பார்சல் வரவழைப்பார்.

பணத்தைப் போட வேண்டிய இடங்களுக்கு வருகிறேன். முதலாவது சட்டம். பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, சீட்டைத் தாங்கும் கம்பிகள் சேரும் இடம், பின் ஆக்ஸில் பேரிங் பிடிக்கும் இடம், முன்சக்கர முளை இருக்கும் இடம் மூன்றிலும் விரிசல் தேடுங்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசலைச் சிவப்புச் சாயம் தடவிக் காட்டும் சோதனை உண்டு. அதையும் டிக் வெல்டிங்கையும் நன்றாக அறிந்தவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள்: மகேந்திரகிரியிலும் கூடங்குளத்திலும் ஒப்பந்த வேலை பார்த்துத் திரும்பிய வெல்டர்கள். அப்படிப்பட்ட ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். கிரில் கேட் செய்யும் பட்டறையில் கொடுத்துவிடாதீர்கள். இது குரோமியம், மாலிப்டினம் கலந்த குழாய், அந்தக் கம்பியும் அந்தச் சூடும் இதற்கு ஆகாது. குழாய்களின் அடிப்பாகத்தையும் தடவிப் பாருங்கள். ஓடுதளத்தின் ஓரக்கல்லில் உரசி உரசித் தட்டையாகத் தேய்ந்திருந்தால் அந்த இடத்தில் சுவர் மெலிந்துவிட்டது என்று பொருள். வலது முன்முளையிலிருந்து இடது பின் பேரிங்குக்கும், இடது முன்முளையிலிருந்து வலது பின் பேரிங்குக்கும் நூல் பிடித்து அளந்தால் சட்டம் கோணலா என்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது பிரேக். உங்கள் கார்ட்டில் பின் ஆக்ஸிலில் ஒரே ஒரு டிஸ்க் இருக்கும், முன்னால் ஒன்றும் இருக்காது. ரப்பர் சீல் எல்லாவற்றையும் மாற்றுங்கள். திரவத்தை ஊற்றுமுன் பிரேக் செய்த நிறுவனம் எந்த வகை கேட்கிறது என்று பாருங்கள். சிலவற்றுக்குச் சாதாரண பிரேக் ஆயில், சிலவற்றுக்கு மினரல் ஆயில். மாற்றி ஊற்றினால் சீல் ஊதிக்கொள்ளும். டயரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், தூக்கிப் போடுங்கள். இருபது வருட ரப்பர் தரையைப் பிடிக்காது.

இனி இன்ஜின். கிராங்க் பேரிங், கனெக்டிங் ராடின் அடி பேரிங், ஆயில் சீல் மூன்றும் புதிதாகட்டும். சீல் கெட்டித்துப் போய்க் காற்றை உள்ளே விட்டால் கலவையில் பெட்ரோல் குறையும், பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரைக் கவ்வும். பைக்கில் இன்ஜின் சீஸ் ஆனால் கிளட்சைப் பிடித்துத் தப்பிக்கலாம். உங்களுக்குக் கிளட்ச் இல்லை. இன்ஜின் பிடித்த அந்தக் கணமே பின்சக்கரம் இரண்டும் பூட்டிக்கொள்ளும், வண்டி பம்பரமாகச் சுற்றும். நான் வலியுறுத்துவது இன்ஜின் மீதுள்ள அக்கறையால் அல்ல, உங்கள் மீதுள்ள அக்கறையால்.

கார்பரேட்டரில் மிதவை இருக்காது, டயாபிரம் இருக்கும். கிராங்க் பெட்டியில் ஏறி இறங்கும் அழுத்தம் அந்தச் சவ்வை அசைக்க, அதுவே பெட்ரோலை இறைத்துக்கொள்ளும். தோட்டத்தில் களை வெட்டும் பெட்ரோல் இயந்திரத்திலும் இதே ஏற்பாடுதான். அதைப் பழுது பார்ப்பவருக்கு இது புதிதல்ல. ஆனால் உதிரிப்பாகம் உங்கள் கார்பரேட்டர் மாடலுக்கு உரியதாக இருக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது: பெட்ரோல். இன்று பங்கில் ஊற்றுவதில் 20 சதவீதம் வரை எத்தனால். அது பழைய ரப்பரைக் கெடுக்கும், காற்றின் ஈரத்தை இழுக்கும். அதைவிட முக்கியமாக, எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய அளவில் கார்பரேட்டர் திருகாணியை வைத்தால் கலவை மெலிந்துவிடும். உங்கள் கைக்குப் பழகிய அளவை மறந்து, அதிவேகத்தில் போகும் பெட்ரோலைக் கட்டுப்படுத்தும் வேகத் திருகாணியைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து தொடங்குங்கள். பிளக்கின் நிறம் பார்த்துக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆயில் லிட்டருக்கு 50 மில்லிக்குக் குறையக்கூடாது. பைக்குக்கு 20, 30 ஊற்றிப் பழகிய கை இங்கே தடுமாறும். ஆமணக்கெண்ணெய் கலந்த பந்தய ஆயிலின் வாசனை உங்களுக்கு நினைவிருக்கும். அது சூட்டைத் தாங்கும், ஆனால் பெட்ரோலில் எளிதில் கரையாது, பிசினும் விடும். வாங்கினால் அன்றன்றைக்குக் கலந்து அன்றன்றைக்கு எரித்துவிடுங்கள்.

நேர்ப்பாதையில் ஓட்டும்போது காற்று நுழையும் வாயை உள்ளங்கையால் ஒரு கணம் மூடித் திறப்பீர்களே, அந்தப் பழக்கத்தை மறக்காதீர்கள். கூடுதல் பெட்ரோல் உள்ளே போய்ப் பிஸ்டனைக் குளிர்விக்கும்.

உடம்பு. இருபத்தைந்தில் கார்ட் உங்களைச் சுமந்தது. நாற்பத்தேழில் விலா எலும்புதான் முதலில் பேசும். சீட்டு இப்போது உங்களுக்குச் சேராது. இடுப்பு இறுகினால் வேறு அளவு வாங்குங்கள், வெட்டி அகலமாக்காதீர்கள். விலாக் கவசம் இல்லாமல் ஒரு சுற்றும் வேண்டாம். பழைய ஹெல்மெட் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அதைத் தலையில் வைக்காதீர்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பொருள் அது. கார்ட் பந்தயத்துக்கென்றே ஸ்னெல் அமைப்பின் 'கே' தரம் உண்டு, அந்த முத்திரை பார்த்து வாங்குங்கள். மருத்துவரிடம் இரத்த அழுத்தமும் இதயமும் காட்டிவிடுங்கள். உங்கள் ஊர்ப் பக்கம் கிணறுகளுக்குக் குறைவில்லை. இரண்டு மாதம் காலையில் நீச்சல் அடித்தால் கழுத்தும் தோளும் தாங்கும். பழைய கார்ட் தயாராகும் வரை வாடகை கார்ட்டில் ஐந்தைந்து சுற்றாக ஓட்டிப் பாருங்கள். இடைவெளி எவ்வளவு பெரியது என்பது கையும் முதுகும் சொன்னால்தான் தெரியும்.

எங்கே ஓட்டுவது என்றால், சாலையில் ஒருபோதும் அல்ல. நான்குவழிச் சாலை விடியற்காலையில் காலியாக இருக்கிறதே என்று உங்களுக்கு ஒருவர் சொல்வார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவில் பொது இடத்தில் வேகப் பந்தயம் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் உட்கார்ந்திருக்கும் உங்களை லாரி ஓட்டுநரால் பார்க்கவே முடியாது, அதுதான் பெரிய விஷயம். கயத்தாறு பக்கத்தில் போர்க்கால விமான ஓடுதளம் கிடக்கிறதே என்றும் சொல்வார்கள். சோழவரத்தில் ஒரு காலத்தில் அப்படிப்பட்ட ஓடுதளத்தில்தான் பந்தயம் நடந்தது, உண்மை. அது சங்கம் நடத்திய, அனுமதி பெற்ற பந்தயம். எழுத்துமூலம் அனுமதி இல்லாத எந்த நிலத்திலும் இறங்காதீர்கள்.

சரியான இடம் கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே, அல்லது சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை. உங்களுக்குக் கோவை பக்கம். முன்கூட்டியே பேசி, பயிற்சி நேரம் கிடைக்குமா, பழைய நூறு சிசியை அனுமதிப்பார்களா என்று கேளுங்கள். போட்டியில் இறங்குவதானால் உரிமமும் மருத்துவச் சான்றும் தேவைப்படும். முதல் ஆண்டு அதை நினைக்கவே வேண்டாம். ஒரு குட்டி யானை மினி லாரியில் கார்ட்டை ஏற்றிக் கட்டிவிடலாம். நண்பரோடு சேர்ந்து போனால் வண்டி வாடகை பாதி. மழைக்காலத்தில் பட்டறை வேலையை முடித்துவிட்டு, தை, மாசியில் போங்கள். சித்திரை வெயில் வேண்டாம்.

இன்னும் ஒன்று. கிளட்ச் இல்லாத வண்டியை யாராவது பின்பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி, வேகம் வந்ததும் கீழே விட வேண்டும். நீங்கள் சுழன்று நின்றால் இன்ஜினும் நிற்கும். மறுபடி தள்ள வேண்டும். சிங்கப்பூரில் அதற்கு நண்பர்கள் இருந்திருப்பார்கள். இங்கே ஓடக்கூடிய காலுள்ள மருமகன் ஒருவனைக் கூட்டிப் போங்கள். வீட்டு முற்றத்திலேயே இன்ஜினைக் கிளப்பாமல் பத்து முறை தள்ளிப் பழகட்டும், செருப்போடு அல்ல, ஷூ போட்டுக்கொண்டு.