ட்ரோன் ஆய்வும் ஏற்றுமதி விதியும்

கேள்வி: அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்) ஆக இருக்கிறேன். இந்தியக் குடியுரிமை, கிரீன் கார்டு இல்லை. ட்ரோன் திட்டம் ஒன்றில் சேரச் சொல்கிறார்கள். ‘நாம் செய்வது அடிப்படை ஆராய்ச்சி, ஏற்றுமதிக் கட்டுப்பாடு நமக்கு வராது’ என்கிறார் பேராசிரியர். நம்பிச் சேரலாமா? பொங்கலுக்கு மதுரை வரும்போது ஆய்வக லேப்டாப்பை எடுத்து வரலாமா?

பதில்: ஒப்பந்தத்தைப் பார்க்காமல் சேராதீர்கள். அடிப்படை ஆராய்ச்சிக்கு, அதாவது முடிவுகளைத் தடையின்றி வெளியிடும் ஆய்வுக்கு, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு உண்டு என்பது சரி. ஆனால் நிதி தருபவர் அனுமதித்தால்தான் கட்டுரை வெளியிடலாம் என்றோ, வெளிநாட்டவர் வேலை செய்யக் கூடாது என்றோ ஒரு வரி இருந்தால் அந்த விலக்கு போய்விடும். காப்புரிமைக்காகவோ தங்கள் வணிக ரகசியம் கசியாமல் இருக்கவோ நிதி தருபவர் கட்டுரையை முன்கூட்டிப் பார்த்துத் தருவது மட்டும் பரவாயில்லை.

பலரும் சறுக்குவது அடுத்த இடத்தில். விலக்கு உங்கள் ஆய்வு முடிவுகளுக்குத்தான். நிறுவனம் ரகசியமாகத் தந்த வரைபடத்துக்கும் சோர்ஸ் கோடுக்கும் இல்லை. அவை அமெரிக்க அரசின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருந்தால், ஆய்வகத் திரையில் உங்களுக்குக் காட்டுவதே இந்தியாவுக்கு ஏற்றுமதி செய்ததாகக் கணக்கு. வாய்மொழியாக விளக்கினாலும் அப்படியே. கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு இது பொருந்தாது.

டென்னசி பல்கலைக்கழகத்தின் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஜான் ரீஸ் ராத் வழக்கு இதுதான். விமானப்படை ட்ரோனுக்கான பிளாஸ்மா ஆய்வுத் தகவலைச் சீன, ஈரானிய மாணவர்கள் கையாள விட்டார், சீனாவுக்கும் கொண்டுபோனார். 2008-இல் குற்றவாளி எனத் தீர்ப்பு, 2009-இல் 4 ஆண்டு சிறைத் தண்டனை.

எனவே முதலில் பல்கலைக்கழகத்தின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போடுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். உரிமம் தேவைப்பட்டால் பல்கலைக்கழகம்தான் விண்ணப்பிக்கும்: ராணுவப் பொருளென்றால் வெளியுறவுத் துறையிடம், மற்றவை பெரும்பாலும் வணிகத் துறையிடம். உரிமம் வரும்வரை அந்த வரைபடம், சோர்ஸ் கோடு கோப்புகளைத் திறக்காதீர்கள். எச்-1பி (வேலை) விசா மனுவிலேயே உரிமம் தேவையா என்று பல்கலைக்கழகம் உறுதிமொழி தருகிறது. திட்டம் மாறினால் மறுபடி கேட்க வேண்டும். ஜே-1 (பரிமாற்றத் திட்ட) விசா மனுவில் அந்தக் கேள்வி இல்லை, ஆனால் ஏற்றுமதி விதி அவர்களுக்கும் உண்டு.

லேப்டாப்பா? பணிக்கருவியாகச் சாதாரண லேப்டாப்பைக் கொண்டுவரலாம்: ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும், எப்போதும் உங்கள் பொறுப்பில் இருக்க வேண்டும். ராணுவப் பட்டியல் தகவலுக்கு இந்தச் சலுகை கிடையாது. திட்டக் கோப்பு எதுவும் இல்லாத மாற்று லேப்டாப்பை ஆய்வகத்தில் கேட்டு வாங்கி வாருங்கள். மதுரையிலிருந்து ஆய்வக சர்வரில் நுழைந்து கட்டுப்பாட்டுக் கோப்பைத் திறப்பதும் ஏற்றுமதியே.