கேள்வி-பதில்: வெள்ளிக் களிமண் நகையும் அதில் பதிக்கும் கல்லும்

சில்வர் கிளே எனப்படும் வெள்ளிக் களிமண்ணில் கையால் செய்த நகைகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில். வாங்கியவர்களும் கேட்டிருக்கிறார்கள், வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்களும் கேட்டிருக்கிறார்கள்.

"கையால் செய்த 999 வெள்ளி, லாப்ரடோரைட் கபோஷான் கல்" என்று போட்டிருந்த பதக்கத்தை இணையத்தில் 5,200 ரூபாய்க்கு வாங்கினேன். கல்லோடு சேர்த்து 12 கிராம். பக்கத்து வெள்ளிக்கடையில் காட்டினால், "களிமண்ணில் செய்ததெல்லாம் வெள்ளியாம்மா? எடைக்குப் போட்டால் பாதி கூடத் தேறாது" என்கிறார். ஏமாந்துவிட்டேனா?
வாசகி, கோவை

கடைக்காரர் சொன்னதில் முதல் பாதி தவறு, இரண்டாம் பாதி சரியாக இருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பாருங்கள்.

வெள்ளிக் களிமண்ணில் மண் துளியும் கிடையாது. மிக நுண்ணிய சுத்த வெள்ளிப் பொடியை, சூட்டில் எரிந்துபோகும் ஒரு பசையோடும் தண்ணீரோடும் பிசைந்ததுதான் அது. 1990களின் தொடக்கத்தில் ஜப்பானின் மிட்சுபிஷி மெட்டீரியல்ஸ் நிறுவனம் இதை உருவாக்கியது. ஐடா கெமிக்கல் என்ற இன்னொரு ஜப்பானிய நிறுவனத்தின் 'ஆர்ட் கிளே சில்வர்' இன்று பலர் கையிலும் இருக்கிறது. களிமண்ணை உருட்டி, வடிவம் கொடுத்து, நன்றாகக் காயவைத்துச் சுடுவார்கள். பசை எரிந்து போய்விடும். வெள்ளி உருகும் சூடு சுமார் 962 டிகிரி செல்சியஸ். அதற்குக் கீழேயே பொடித் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே உலோகமாகிவிடும். மிஞ்சுவது 999 வெள்ளி, அதாவது ஆயிரத்தில் 999 பங்கு சுத்த வெள்ளி.

உங்கள் பதக்கம் உண்மையிலேயே அதில் செய்ததுதானா என்று தெரிய, உலோகக் கலவையைக் கதிர் பாய்ச்சிக் காட்டும் எக்ஸ்ஆர்எஃப் மெஷின் வைத்து டச் (வெள்ளியின் தரம்) பார்க்கும் இடத்தில் கல் இல்லாத பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். தண்ணீரில் எடை போட்டு அடர்த்தி பார்க்கும் முறை இதற்கு ஒத்துவராது. சுட்ட களிமண் வெள்ளிக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும். அதனால் வெள்ளியின் வழக்கமான 10.5 அடர்த்தி வராது. சுத்த வெள்ளியே கலப்பட வெள்ளி போலத் தெரியும். இந்த ஒரு காரணத்தாலேயே நேர்மையான கைவினைஞர்களுக்குக் கெட்ட பெயர் வருவது வருத்தமான விஷயம்.

இனி விலை. நமக்கு நகை என்றால் எடை, செய்கூலி, சேதாரம் என்றுதான் கணக்கு ஓடும். இங்கே சேதாரம் என்று ஏறக்குறைய ஒன்றுமில்லை. தேய்த்த பொடியையும் வெட்டிய ஓரத்தையும் தண்ணீர் விட்டுப் பிசைந்து மறுபடி பயன்படுத்தலாம். ஆனால் களிமண்ணாக வாங்கும்போதே அதே எடை வெள்ளியைவிட விலை மிகவும் கூடுதல். அதற்கு மேல் ஒவ்வொரு உருப்படியும் தனித்தனியாகக் கையால் செய்தது. ஆகவே நீங்கள் கொடுத்த பணத்தில் பெரும்பங்கு வேலைக்குத்தான். திருப்பி விற்கப் போனால் கல்லை எடுத்துவிட்டு உருக்கும் வெள்ளிக்கு மட்டும்தான் மதிப்புப் போடுவார்கள். இதை முதலீடாக நினைத்து வாங்கியிருந்தால் நஷ்டம்தான். வேலைப்பாடு பிடித்து வாங்கியிருந்தால் அந்த விலையை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன்.

நீங்கள் பார்க்கவேண்டியது வேறு ஒன்று. கபோஷான் என்றால் பட்டை தீட்டாமல் மேல்பக்கம் குவிந்து வழவழப்பாக இழைத்த, அடி தட்டையான கல். நாகர்கோவில் வடசேரியில் செய்யும் கோயில் நகைகளின் கெம்புக் கல் இந்த வகைதான். இதைச் சுற்றி மெல்லிய வெள்ளிப் பட்டை எழுந்து நின்று, கல்லின் தோள் மேல் படிந்து பிடித்திருக்க வேண்டும். பெசல் என்பது அதுதான். லென்ஸ் வைத்துப் பாருங்கள். பட்டை கல்லைத் தொடாமல் விலகி நின்று, இடுக்கில் பசை மினுங்கினால் அது ஒட்டிய கல். அதைப் "பதித்தது" என்று சொல்லி விற்றிருந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

அம்மாவின் உடைந்த மோதிரத்திலிருந்த செவ்வந்திக்கல்லை (அமெதிஸ்ட், வழவழப்பாக இழைத்தது) ஒரு கைவினைக் கலைஞரிடம் கொடுத்து, வெள்ளிக் களிமண்ணில் பதக்கமாகச் செய்யச் சொன்னேன். கல் வெளிறி, குறுக்கே விரிசலோடு வந்தது. "இயற்கைக் கல் என்றால் அப்படித்தான், அந்த ரிஸ்க் உங்களுடையது" என்கிறார். எனக்கு வேறு வழி இல்லையா?
வாசகி, திருச்சி

படித்ததும் மனம் கனத்தது. வழி இருக்கிறது.

நடந்திருப்பது இதுதான் என்று நினைக்கிறேன்: கல்லை ஈரக் களிமண்ணில் வைத்து, அதோடு சேர்த்தே சுட்டிருக்கிறார். செவ்வந்தி குவார்ட்ஸ் வகை. 573 டிகிரியில் குவார்ட்ஸின் உள்கட்டமைப்பே திடீரென மாறும், அந்த இடத்தில் விரிசல் விடும். ஊதா நிறம் அதற்கு முன்பே வெளிறத் தொடங்கிவிடும். சந்தையில் சிட்ரின் என்று விற்கும் மஞ்சள் கற்களில் பெரும்பகுதி சூடேற்றிய செவ்வந்திதான். வெள்ளிக் களிமண்ணைச் சுட 600 டிகிரிக்கு மேல் வேண்டும். உறுதியாக வரவேண்டும் என்றால் 800, 900 வரை போவார்கள். அந்தச் சூட்டில் செவ்வந்தி பிழைக்காது என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி.

களிமண்ணோடு சேர்த்துச் சுடக்கூடியவை பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மாணிக்கம், நீலக்கல், அப்புறம் க்யூபிக் சிர்கோனியா. இவற்றிலும் சில நிறங்கள் மாறும். சுட்டதும் தண்ணீரில் போடாமல் தானாக ஆறவிட வேண்டும். முத்து, பவளம், டர்க்கோய்ஸ், ஓபல், அம்பர், மாலகைட், லாபிஸ் எதையும் நெருப்பில் காட்டவே கூடாது. காங்கயம் பக்கத்துச் சந்திரகாந்தக் கல் போன்றவற்றில் சில தாக்குப்பிடிக்கும், ஆனால் உள்ளே நுண்ணிய வெடிப்பு இருந்தால் போச்சு. கெம்புக் கல்லுக்குப் பின்னால் தகடோ பூச்சோ இருந்தால் கருகும். கல்லே கண்ணாடியாக இருந்தால் இன்னும் ஆபத்து.

இப்படிப்பட்ட கற்களுக்கு ஒரே முறைதான். சுத்த வெள்ளியில் பெசல் பட்டை செய்து, அதைக் களிமண்ணில் பொருத்தி, கல் இல்லாமல் சுட்டு, மெருகு எல்லாம் முடித்து, கடைசியில் கல்லை உள்ளே வைத்துப் பட்டையைக் கருவியால் அழுத்தி மூடுவது. இதில் கல் மேல் நெருப்பே படாது. பொறுமை வேண்டும், களிமண் சுருங்கும், பட்டை சுருங்காது என்பதால் அளவு பார்த்துச் செய்யவும் தெரிய வேண்டும். அது தெரியாமல் மற்றவர் வீட்டுப் பொக்கிஷத்தை வாங்கிக்கொள்வது தவறு.

அவர் இதைத் தொழிலாகச் செய்து கூலி வாங்குகிறவர் என்றால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இது சேவைக் குறைபாடு என்று வாதாட உங்களுக்கு நல்ல இடம் இருக்கிறது. கல் உடையலாம் என்று அவர் முன்கூட்டியே எழுத்தில் எச்சரித்தாரா என்பதுதான் முக்கியம். வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய ரசீது, கல்லைக் கொடுப்பதற்கு முன் எடுத்த படம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் அவருக்கே எழுத்தில் அனுப்புங்கள்: கூலியைத் திருப்பித் தரவும், கல்லுக்கு ஈடு தரவும் கேளுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் பலனில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம், நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். மன உளைச்சலுக்கும் சேர்த்து இழப்பீடு கேட்கலாம். அம்மாவின் கல் என்பதை மனுவில் தயங்காமல் எழுதுங்கள்.

உடைந்த கல்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதுதான் உங்கள் முதல் சாட்சி.

வீட்டில் செய்து பழக ஆசை. என்னென்ன வாங்க வேண்டும்? "சில்வர் கிளே" என்று தேடினால் 300 ரூபாய்க்கும் வருகிறது, பல ஆயிரத்துக்கும் வருகிறது.
வாசகர், மதுரை

300 ரூபாய்க்கு வருவது வெள்ளி நிறம் பூசிய பாலிமர் களிமண். பொம்மை செய்யலாம், நெருப்பில் வைத்தால் கருகி நாறும். விவரத்தில் "999" அல்லது "ஃபைன் சில்வர்" என்ற சொல்லும், கிராம் கணக்கில் எடையும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்க வேண்டாம். வெண்கலக் களிமண், செம்புக் களிமண் என்றும் உண்டு. அவற்றில் பலவற்றைக் கரித்தூளுக்குள் புதைத்துச் சுட வேண்டியிருக்கும், ஆரம்பத்தில் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

முதலில் 7 அல்லது 10 கிராம் பாக்கெட் ஒன்று போதும். பெரிய பாக்கெட்டில் கிராம் விலை குறையும்தான். ஆனால் நம் ஊர் வெயிலில் பிரித்த களிமண் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்து வெடிக்கும். மிச்சத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் ஈரப் பஞ்சோடு வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு வேலை செய்யுங்கள்.

கருவிக்கு என்று பெரிய "கிட்" வாங்கச் சொல்வார்கள், அவசியம் இல்லை. இரண்டு பக்கமும் சமமாகச் சீட்டுக்கட்டு அட்டைகளை அடுக்கி, நடுவில் களிமண்ணை வைத்து, குழாய்த் துண்டால் உருட்டினால் ஒரே தடிமன் வரும். சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. கையில் கொஞ்சம் ஆலிவ் எண்ணெய், கீழே ஒட்டாத டெஃப்லான் தாள். அலுமினியத் தட்டிலோ ஃபாயிலிலோ வைக்காதீர்கள், அலுமினியம் பட்டால் வெள்ளி கெடும். மற்றபடி நுண்ணிய உப்புத்தாள், பித்தளை பிரஷ், மெருகு போடும் கம்பி.

பணம் போட வேண்டிய இடம் நெருப்பு. பதக்கம், காதணி அளவுள்ள சின்ன உருப்படிகளுக்கு பியூட்டேன் டார்ச்சும் ஒரு தீச்செங்கல்லும் போதும். கல் வைக்காத, 25 கிராமுக்குக் கீழான உருப்படிகளுக்கு மட்டும் இது சரி. நன்றாகக் காய்ந்த உருப்படியைச் சூடேற்றினால் முதலில் சின்னச் சுடர் வரும், அது பசை எரிவது. அப்புறம் வெளுத்து, மங்கலான இடத்தில் பார்த்தால் இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் கலந்து ஒளிரும். அந்த ஒளிர்வை ஓரிரு நிமிடம் அப்படியே வைத்திருக்க வேண்டும். மேல்பரப்பு கண்ணாடி போல மின்ன ஆரம்பித்தால் உருகப் போகிறது, உடனே நெருப்பை விலக்குங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். சமையல் கேஸ் அடுப்பில் முயலவே வேண்டாம்.

கல்லோடு சேர்த்துச் சுட வேண்டும், பெரிதாகச் செய்ய வேண்டும், விற்க வேண்டும் என்றால் வெப்பநிலையை நிர்ணயித்து வைக்கக்கூடிய மின்சூளை வேண்டும். அதை வாங்குவதற்கு முன் சூளை வைத்திருக்கும் பயிற்சி வகுப்பு ஒன்றில் சேர்ந்து பார்த்துவிடுங்கள். சூளை வாங்கி மூலையில் போட்டால் அந்தப் பணம் திரும்பி வராது.

களிமண் பலவும் வெளிநாட்டிலிருந்து வருவதால், வெளிநாட்டுத் தளத்தில் நேரடியாக வாங்கினால் இறக்குமதி வரியும் சேரும். உள்நாட்டு விற்பனையாளரின் விலையோடு வரியையும் கூட்டி ஒப்பிடுங்கள்.

எங்கள் ஊர் கொலுசுக்கே டச் கேட்டுத்தான் வாங்குவோம். களிமண் நகை விற்பவர் "கைவினைப் பொருளுக்கு ஹால்மார்க் தேவையில்லை" என்கிறார். சரியா?
வாசகர், சேலம்

தங்கத்தைப் போல வெள்ளிக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை, விருப்பத்தின்பேரில்தான். அந்த அளவில் அவர் சொல்வது சரி. ஆனால் 2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளிக்கும் ஹெச்யூஐடி எண்ணோடு (ஒவ்வொரு நகைக்கும் தனியான அடையாள எண்) ஹால்மார்க் வந்துவிட்டது, 999 தரமும் புதிதாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. எனவே விற்பவர் விரும்பினால் வாங்கித் தர முடியும். எண் இருந்தால் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுச் சரிபாருங்கள்.

இல்லையென்றால் பில்லில் மூன்று விஷயம் எழுதித் தரச் சொல்லுங்கள்: வெள்ளியின் தரம், கல் நீங்கலான எடை, கல்லின் பெயரும் அது இயற்கையா செயற்கையா என்பதும். சாயம் ஏற்றிய ஹௌலைட் என்ற வெள்ளைக் கல்லை டர்க்கோய்ஸ் என்று விற்பது சர்வசாதாரணம். இன்னொன்று, பதக்கம் 999 ஆக இருந்தாலும் கொக்கி, வளையம், சங்கிலி பெரும்பாலும் 925 ஆக (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) இருக்கும். அது குறையில்லை, சொல்லாமல் விடுவதுதான் குறை.

"ஜெர்மன் சில்வர்" என்பதும் இதுவும் ஒன்றா?
வாசகி, விருதுநகர்

இல்லவே இல்லை. அது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை, அதில் வெள்ளியே கிடையாது. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தோல் அரிக்கும்.

தினமும் போடும் மோதிரமாகச் செய்யச் சொல்லலாமா?
வாசகி, சென்னை

எனக்கு அதில் சம்மதமில்லை. 999 வெள்ளி மென்மையானது, மெல்லிய வளையம் வளையும், பெசல் தளர்ந்து கல் விழும். வேண்டும் என்றால் தடிமனாக, சூளையில் நீண்ட நேரம் சுட்டதாகக் கேளுங்கள். அளவையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். சுடும்போது களிமண் சுருங்கும்: ஆர்ட் கிளே வகை 8 முதல் 10 சதவீதம், வேறு சில வகைகள் அதற்கு மேலும். அளவு தவறினால் மாற்றித் தருவாரா என்பதைப் பணம் கொடுக்கும் முன் எழுத்தில் வாங்குங்கள்.

களிமண் நகையின் குழிவுகள் கறுப்பாகவே இருக்கின்றன. எப்படிச் சுத்தம் செய்வது?
வாசகி, தஞ்சாவூர்

அந்தக் கறுப்பு பெரும்பாலும் வேண்டுமென்றே கந்தகக் கரைசலில் முக்கி ஏற்றியது, வேலைப்பாடு எடுப்பாகத் தெரிவதற்காக. அலுமினிய ஃபாயில், சோடா உப்பு, வெந்நீர் வைத்தியம் செய்தால் அதுவும் போய்விடும், கல்லும் பாழாகலாம். பற்பசை கீறல் போடும். மேடான இடங்களை மட்டும் மெல்லிய வெள்ளி துடைக்கும் துணியால் துடையுங்கள். டர்க்கோய்ஸ், முத்து, ஓபல் பதித்திருந்தால் எந்தக் கரைசலிலும் முக்காமல், கழற்றியதும் உலர்ந்த துணியால் துடைத்துக் காற்றுப் புகாத ஜிப் கவரில் போட்டுவையுங்கள்.