வண்டலூரின் மதிப்பு – கடிதம்

அன்புள்ள ஐயா,

வண்டலூர் உயிரியல் பூங்காவில் பெரியவர்களுக்கு டிக்கெட் 200 ரூபாய். அதைக் கொடுத்துத்தான் கூட்டம் வருகிறது. அப்படியென்றால் மக்கள் அந்த இடத்துக்குத் தரும் மதிப்பும் அவ்வளவுதானே? செலவு கட்டுப்படியாகாவிட்டால் கட்டணத்தை ஏற்றட்டும். அங்கே போகாத என் வரிப்பணம் எதற்கு?

க., திருச்சி

அன்புள்ள க.,

200 ரூபாய் என்பது அரசு கேட்கும் தொகை. மக்கள் கொடுப்பது அதைவிட அதிகம். வந்தவாசிப் பக்கமிருந்து வேன் பிடித்து வருகிறவர்களைப் பாருங்கள். வாடகையைத் தலைக்கு இவ்வளவு என்று பங்கு போட்டிருப்பார்கள். விடியும் முன்பே எழுந்து புளிசாதம் கட்டியிருப்பார்கள். கூலிக்குப் போகிறவருக்கு அன்றைய சம்பளமும் போயிற்று. இத்தனையும் சேர்ந்ததுதான் அந்த ஒரு நாளுக்கு அவர்கள் கொடுத்த விலை.

1947-இல் ஹெரால்ட் ஹோட்டலிங் என்ற பொருளியல் அறிஞர் அமெரிக்கத் தேசியப் பூங்கா துறைக்கு எழுதிய கடிதத்தில் இந்த மதிப்பை அளக்க ஒரு வழி சொன்னார். பூங்காவைச் சுற்றித் தூரவாரியாக வட்டங்கள் போட வேண்டும். ஒவ்வொரு வட்டத்திலும் மக்கள்தொகையில் எத்தனை பேர் வருகிறார்கள், வர என்ன செலவாகிறது என்று பார்க்க வேண்டும். செலவு கூடக்கூட வருகிறவர்கள் எப்படிக் குறைகிறார்கள் என்பது தெரிந்தால், அருகில் இருப்பவர் இன்னும் எவ்வளவு கொடுத்திருப்பார் என்பதும் தெரிந்துவிடும். பயணச் செலவு முறை என்று பின்னால் பெயர் பெற்றது இதுதான்.

ஆனால் இந்தக் கணக்கு ஆசையை அளப்பதில்லை. ஆசையும் பையில் இருக்கும் பணமும் சேர்ந்ததை அளக்கிறது. வேன் பங்கு கொடுக்க முடியாமல் ஊரிலேயே நின்றுவிட்ட குடும்பம் இதில் வெறும் பூஜ்யம். அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு யானை பார்க்க ஆசை இல்லையா என்ன? அதனால்தான், மதிப்பு அதிகம் என்று காட்டிக் கட்டணத்தை ஏற்றுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஏற்றினால் முதலில் நிற்பது அந்த வந்தவாசி வேன்தான். மதிப்பு அதிகம் என்றால், பூங்காவுக்கு நிதி ஒதுக்க அது ஒரு காரணம். அப்படித்தான் அந்த எண்ணைப் பயன்படுத்த வேண்டும்.

உங்கள் வரிப்பணத்துக்கு வருகிறேன். சர்க்கஸிலிருந்து மீட்ட சிங்கங்களை வண்டலூரில் வைத்துப் பராமரித்திருக்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய சிங்கவால் குரங்கை அங்கே இனப்பெருக்கம் செய்கிறார்கள். வாசலில் டிக்கெட் வாங்குகிறவர் மட்டும் இந்தச் செலவை ஏன் சுமக்க வேண்டும்? ஆனைமலையில் அந்தக் குரங்கு அழியாமல் இருக்க வேண்டும் என்று நீங்களும் விரும்புவீர்கள். அந்த விருப்பத்தில் உங்கள் பங்குதான் அந்த வரி.