ரிஷிகேஷ்ல கயாக் ஓட்டிப் பழகியாச்சு, மழைக்காலத்துல கோடஞ்சேரி ஆத்துல இறங்க என் லெவல் போதுமான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

நீங்க கேள்வியில சொல்லியிருக்கறது இதுதான்: ரிஷிகேஷ்ல கோர்ஸ் முடிச்சிருக்கீங்க, ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ்ன்ற ரெண்டு ரேப்பிட்லயும் (தண்ணி வேகமா பொங்கி ஓடற இடம்) கவுராம வந்திருக்கீங்க, அதனால நான் கிரேடு 4 (ரேப்பிட்டோட கஷ்டத்துக்குக் குடுக்கற மார்க்) ஓட்டறவன்னு சொல்லிக்கலாமா, ஜூலையில கேரளாவுல கோழிக்கோடு பக்கம், கோடஞ்சேரியச் சுத்தி ஓடற சாலிப்புழா, இருவஞ்சிப்புழா ரெண்டுலயும் இறங்கலாமான்னு.

நேராவே சொல்லிடறேங்க. இதுவரைக்கும் நீங்க தாண்டி வந்த பெரிய ரேப்பிட்ட வச்சு உங்க லெவல கணக்குப் போடாதீங்க. அந்த ரேப்பிட்டுக்கு நடுவுல, நீங்க நினைச்ச இடத்துல போட்ட (கயாக்க) நிறுத்த முடிஞ்சுதா? அத வச்சுப் போடுங்க. செங்குத்தா இறங்கற ஆத்துல நிறுத்தத் தெரியறதுதான் முதல் வேலை, ஓட்டறது அதுக்கு அப்புறம்தான்.

ஏன்னா கங்கை வேற மாதிரி ஆறு. தண்ணி அளவு ரொம்பப் பெருசு, ஆழம் ஜாஸ்தி, அலை பெருசா இருந்தாலும் நடுவுல போட்ட நேரா வச்சுக்கிட்டு விடாம துடுப்பு போட்டா அதுவே உங்கள கொண்டு போய் கீழ விட்டுடும், முக்கியமா ரேப்பிட் முடிஞ்சதும் பெரிய மடு இருக்கும். அதாவது கவுந்து, ரோல் (போட்டுக்குள்ள இருந்தபடியே துடுப்பால நிமிர்ந்து எந்திரிக்கறது) வராம, போட்ட விட்டு வெளிய வந்து நீந்தினாலும் அந்த மடுவுல மூச்சு வாங்கிக்கலாம், பக்கத்துல வர ராஃப்ட்காரங்க உங்களையும் போட்டையும் பொறுக்கிக் கரை சேர்த்துடுவாங்க. மழை உச்சத்துல ஜூலை ஆகஸ்ட்ல அங்க ராஃப்டிங்கையே மூடிடறாங்க. கோடஞ்சேரியில சரியா அதே மாசத்துலதான் சீசனே. 2013ல இருந்து மலபார் ரிவர் ஃபெஸ்டிவல் நடக்கற ஆறுங்க இதெல்லாம், ஸ்லாலம், போட்டர் கிராஸ், டவுன்ரிவர்னு கயாக் போட்டிகள்ல வெளிநாட்டு ஆளுங்க எல்லாம் வந்து ஓட்டற இடம். மேற்குத் தொடர்ச்சி மலையில இருந்து குறைஞ்ச தூரத்துல மடமடன்னு இறங்கி வர தண்ணி, குறுகலான ஆறு, எங்க பாத்தாலும் பாறை. மேல ஒரு மழை கொட்டினா கொஞ்ச நேரத்துல மட்டம் ஏறிடும், அதே மாதிரி இறங்கிடும். செங்குத்தான பகுதிகள்ல ஒரு ரேப்பிட் முடியற இடத்துலயே அடுத்தது ஆரம்பிக்கும், நடுவுல மடுவே இருக்காது. மேல ஒரு தப்பு பண்ணினா அத சரி பண்ண இடம் கிடையாதுங்க, அந்தத் தப்போடயே அடுத்த பாறைக்குப் போவீங்க.

கிரேடு பத்தி ஒரு வார்த்தை. 1ல இருந்து 6 வரைக்கும் இருக்கற அந்த சர்வதேச அளவு ரேப்பிட்டுக்குக் குடுக்கற மார்க், ஆளுக்குக் குடுக்கற மார்க் கிடையாது. அதுவும் அந்த மட்டத்துக்கு மட்டும்தான், தண்ணி ரெண்டு அடி ஏறினா அதே இடம் வேற கிரேடு. சரிவையும் பாருங்க, கிலோமீட்டருக்கு 20 மீட்டர் கிட்ட இறங்கினாலே பொதுவா அத செங்குத்து ஆறுன்னு சொல்லுவாங்க, கூகுள் எர்த்ல உயரத்தப் பாத்து நீங்களே கணக்குப் போடலாம். ஆனா சராசரி ஏமாத்தும். முக்கா கிலோமீட்டர் சமமா வந்துட்டு ஒரே இடத்துல 15 மீட்டர் விழுந்தாலும் சராசரி அதேதான் காட்டும். பழைய வீடியோவ மட்டும் நம்பியும் போகாதீங்க. அமெரிக்காவுல வட கரோலினாவுல க்ரீன்னு ஒரு ஆறு, உலகத்துலயே பேர் போன செங்குத்து ஆறுகள்ல ஒண்ணு, வருஷா வருஷம் ரேஸ் நடந்த இடம், 2024 செப்டம்பர்ல ஹெலீன் புயல் வெள்ளம் வந்தப்புறம் பல ரேப்பிட்டோட உருவமே மாறிப்போச்சு. நம்ம பக்கமும் ஒவ்வொரு மழைக்கும் மரம் சாயுது, பாறை நகருது.

இப்ப உங்க லெவலுக்கு வரேன். ரிஷிகேஷ்லயே வச்சுப் பாத்துக்கலாம், இதுக்காக கேரளா வரணும்னு இல்ல.

முதல்ல எடி. பாறைக்குப் பின்னாடி தண்ணி மேல்பக்கமா திரும்பி கொஞ்சம் அமைதியா நிக்குமே, அந்த இடம். உங்களுக்கு சுலபமா வர ஒரு ரேப்பிட்ட எடுத்துக்கோங்க, கிரேடு 3 போதும். கரையில ஏறி நின்னு, நான் இந்த எடி, அடுத்து எதிர்க்கரையில அந்த எடி, அப்புறம் அந்தப் பாறைக்குப் பின்னாடி இருக்கற சின்னதுன்னு வாய் விட்டு சொல்லுங்க, கூட இருக்கற ஒருத்தர் காது கேக்க. அப்புறம் இறங்கி ஓட்டுங்க. சொன்னது அத்தனையும் பிடிச்சீங்களா? உள்ள நுழையறப்ப போட்டோட மூக்கு எடிக்குள்ள போயிட்டு வால் வெளிய இழுத்துக்கிட்டுப் போச்சா? சின்ன எடின்னா போட்ல பாதிதான் உள்ள அடங்கும், அங்க நின்னுக்கிட்டுத் திரும்பிக் கீழ பாத்து அடுத்தத முடிவு பண்ண முடிஞ்சுதா, இல்ல நிக்கவே போராட வேண்டியிருந்துச்சா? நண்பர் கரையில இருந்து வீடியோ எடுத்தா இன்னும் நல்லது, ஏன்னா போட்ல உக்காந்து இருக்கறப்ப நாம சரியா போனதாத்தான் தோணும், வீடியோவுல பாத்தா நினைச்ச பாதையில இருந்து ஒரு போட் அகலம் தள்ளிப் போயிருப்போம். கங்கையில ஒரு போட் அகலம் ஒண்ணுமே இல்ல. பாறை ஆத்துல அது தண்ணி மட்டும் புகுந்து ஆள் சிக்கிக்கற பாறை இடுக்காவோ, சாஞ்சு கிடக்கற மரமாவோ இருக்கும். சாஞ்ச மரத்துக்கிட்ட தண்ணி கிளைக்கு நடுவுல புகுந்து போயிடும், நாம மாட்டிக்குவோம், டீ வடிகட்டியில தூள் தங்கற மாதிரி.

இப்படி ஒரு கிரேடு கீழ இருக்கற தண்ணியில சொன்னத சொன்னபடி, திரும்பத் திரும்ப, கடைசி நாள் சாயங்காலம் கை ஓஞ்சு போயிருக்கறப்பவும் பண்ண முடியுதுன்னா அப்பதான் மேல இருக்கற கிரேடப் பத்திப் பேசலாம். அதிர்ஷ்டத்துல வந்த ஒரு நல்ல ஓட்டத்த கணக்குல சேக்காதீங்க.

அடுத்து ரோல். நீச்சல் குளத்துல வர ரோல் வேற, அலையில கவுந்து எந்திரிக்கறது வேற, அது உங்களுக்கே தெரியும். கங்கையில கவுந்தா அடியில ஆழம் இருக்கு, துடுப்ப மெதுவா முன்னாடி கொண்டு வந்து வச்சு, ஒரு தடவை வரலைன்னா ரெண்டாவது தடவை பாத்துக்கலாம். கோடஞ்சேரியில அந்த சௌகரியம் இல்ல. ரெண்டு மூணு அடி தண்ணி, அடியில பாறை. கவுந்த உடனே உடம்ப முன்னாடி மடக்கி முகத்த போட்டோட மேல்தளத்தோட ஒட்டிக்கணும், முதல் முயற்சியிலயே எந்திரிக்கணும், எந்தப் பக்கம் இடம் இருக்கோ அந்தப் பக்கமா எந்திரிக்கணும், அதனால வலது இடது ரெண்டும் வரணும். பத்துல எட்டு வருதுன்னா எனக்கு அது போதாதுங்க, இந்த ஆத்துக்கு அது போதவே போதாது. நீங்களே வேணும்னு ரேப்பிட் நடுவுல, சொல்லி வச்சுக்காத நேரத்துல கவுந்து பாருங்க.

நுரை பத்தியும் யாரும் முன்கூட்டி சொல்றதில்ல. வெள்ளையா பொங்கற தண்ணியில பாதி காத்துதான், அதுல போட் மிதக்கறது குறையும், துடுப்பு பிடிமானம் இல்லாம வழுக்கும். விழற இடத்துக்குக் கீழ மேல்தண்ணி திரும்பி அருவி பக்கமே ஓடும், போட்டோட மூக்க கீழ குத்திட்டு விழுந்தா அதுலயே மாட்டிக்கிட்டு சுத்திக்கிட்டு இருப்பீங்க. அதுக்குத்தான் பூஃப், விளிம்புல சரியான நேரத்துல ஒரே ஒரு துடுப்பு வலிச்சு மூக்க தூக்கி அந்தத் திரும்பற தண்ணியத் தாண்டி இறங்கறது. கங்கையில இதுக்கு வேலையே வராதுன்றதால ரிஷிகேஷ்ல கத்துக்கிட்டவங்க நிறைய பேருக்கு இது பழக்கமே இருக்காது. ஒரு மீட்டர் விழுற இடத்துல, கீழ மடு இருக்கற இடத்துல, நூறு தடவை பண்ணிப் பழகிட்டுத்தான் பெருசுக்குப் போகணும். நுரை இல்லாத தண்ணியில உயரத்துல இருந்து தட்டையா விழுந்தா முதுகெலும்பு போயிடும், அதுவும் ஞாபகம் இருக்கட்டும். தடுப்பணை இருந்தா யோசிக்கவே வேணாம், போட்டத் தூக்கிக்கிட்டு சுத்தி நடங்க. பாக்க அழகா நேர்கோடா இருக்கும், ஆனா கரைக்குக் கரை ஒரே மாதிரி திரும்பி ஓடற தண்ணி, வெளிய வர இடைவெளியே இருக்காது.

போட்ட விட்டு வெளிய வந்துட்டா என்ன பண்ணுவீங்கன்னும் பாத்துக்கோங்க. வேகமா ஓடற தண்ணியில எழுந்து நிக்கவே கூடாது, கால் பாறை இடுக்குல மாட்டினா தண்ணி ஆள முன்னாடி தள்ளி மூழ்கடிச்சிடும், தண்ணி வேகம் ரெண்டு மடங்கானா தள்ளற விசை நாலு மடங்கு ஆகும். இதுவும், கயிறு வீசறதும், மாட்டின ஆள எடுக்கறதும் ஒரு ரெஸ்க்யூ கோர்ஸ்ல ஒழுங்கா கத்துக்கோங்க. உங்க லெவல்ன்றது உங்களோட முடியறதில்ல, கூட வரவங்களுக்கு நீங்க ரெஸ்க்யூ பண்ண முடியுமான்றதும் அதுல சேந்ததுதான். மூணு பேருக்குக் குறைஞ்சு இறங்காதீங்க, அதுல ரெண்டு பேராவது அந்த ஆறு தெரிஞ்சவங்களா இருக்கணும்.

ஒரு இடத்த ஓட்டறதா வேணாமான்னு கரையில நின்னு பாக்கறப்ப, வரும்னு நினைக்கறதோட நிறுத்தாம, வரலைன்னா உடம்பு எங்க போகும், அங்க யார் கயிறோட நிக்கறாங்கன்னு பாருங்க. அதுக்குப் பதில் இல்லைன்னா நடக்கணும். நல்ல கயாக்கர் எல்லாரும் நடப்பாங்க, அவங்களுக்கு அதுல ஒரு கூச்சமும் கிடையாது. இருவஞ்சிப்புழாவுல அரிப்பாறை மாதிரி நிறைய உயிர் போன இடமெல்லாம் இருக்கு, அந்தப் பேரக் கேட்டாலே ஊர்க்காரங்க முகம் மாறும்.

நீங்க சொன்னத வச்சுப் பாத்தா இந்த ஜூலையில மேல் பகுதி வேணாங்க, என் மனசுல பட்டது இதுதான். ஃபெஸ்டிவல் அப்ப வாங்க, போட்டி நடக்கற புலிக்கயத்துல கரையில நின்னு ஒரு நாள் முழுக்க எல்லாரும் எந்த எடிய எப்படிப் பிடிக்கறாங்கன்னு பாருங்க, அதுலயே நிறைய பிடிபடும். மழை குறைஞ்சு மட்டம் இறங்கினப்புறம் உள்ளூர் ஆளுங்களோட கீழ இருக்கற சுலபமான பகுதியில இறங்கிப் பாக்கலாம், அன்னிக்குக் காலையில துஷாரகிரி பக்கம் மேல மழை பெஞ்சுதான்னு கேட்டுட்டு. அதுக்கு முன்னாடி ரிஷிகேஷ்ல அந்த எடி டெஸ்ட்ட பண்ணி, வீடியோ எடுத்தீங்கன்னா இங்கயே போடுங்க, எது எங்க தப்புதுன்னு பாத்து எழுதறேன்.