‘கடையில் போய் உட்கார்’ – கடிதம்

அன்புள்ள ஐயா,

திருவிடைமருதூர் வட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் ஆசிரியையாக இருக்கிறேன். பிளஸ் டூ வகுப்பில் தொழில் முனைவோர் பாடத்தை முடித்த அன்று, சொந்தத் தொழில் செய்ய விரும்புகிறவர்கள் கை தூக்குங்கள் என்றேன். 42 பேரில் 3 பேர் தூக்கினார்கள். மற்றவர்களுக்கு வங்கித் தேர்வு, போலீஸ், டிஎன்பிஎஸ்சி. எல்லோரும் தொழில் பின்னணி இல்லாத ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள். ஒரு மாணவி இரவு வெகுநேரம் தன் அம்மாவுடன் பேருந்து நிலையத்தில் பூ விற்பதால் தினமும் தாமதமாக வருகிறாள்; வாசலில் நிறுத்திப் பார்த்தும் பயனில்லை. அவளும் கை தூக்கவில்லை. வெற்றி பெற்ற தொழிலதிபர் ஒருவரை அழைத்துப் பேசவைத்தால் இவர்கள் மனம் மாறுமா?

பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள ஆசிரியைக்கு,

வகுப்பில் இப்படியொரு கேள்வியைக் கேட்டதோடு, கிடைத்த பதில் உறுத்தியதால் எழுதவும் செய்தீர்களே, அதற்கு முதலில் என் வணக்கம். தொழிலதிபர் தாராளமாக வந்து பேசட்டும். பிள்ளைகள் கைதட்டுவார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். அதைப் பற்றி மேலும் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஆனால் ‘தொழில் பின்னணி இல்லாத’ என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே ஒரு பூக்காரியின் மகளைப் பற்றி எப்படி எழுத முடிந்தது உங்களால்? நாளை முகூர்த்தமா இல்லையா என்று பார்த்து உதிரிப் பூ எத்தனை கிலோ எடுப்பது, மொட்டு விரிந்துவிடுமுன் எட்டு மணிக்கு மேல் முழத்துக்கு எவ்வளவு இறக்குவது, கடனுக்குக் கேட்கும் வாடிக்கைக்காரரிடம் எந்த முகத்தோடு மறுப்பது என்று ஒவ்வோர் இரவும் முடிவெடுக்கிறவள் அவள். அவளை வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே கரும்பலகையில் தொழில் முனைவோரின் பண்புகளை எழுதிப் போட்டிருக்கிறீர்கள்.

ஸ்வீடனில் தத்துப் பிள்ளைகளின் பதிவேடுகளையும் வைத்துச் செய்து 2015இல் வெளியிட்ட ஓர் ஆய்வின்படி, பெற்றோர் சொந்தத் தொழில் செய்திருந்தால் பிள்ளையும் அவ்வழியே போகும் வாய்ப்பு ஏறத்தாழ 60 சதவீதம் கூடுகிறது. அதிலும் பிறப்பைக் காட்டிலும் வளர்ப்பின் பங்கு இரு மடங்கு. அப்படியானால் கொடிக்காலும் தறியும் பட்டறையும் நிறைந்த நம் பக்கத்துப் பிள்ளைகள் வரிசையில் நின்றல்லவா கை தூக்க வேண்டும்? தூக்காததற்குக் காரணம், நம் வீடுகளில் தொழில் என்பது தண்டனையின் பெயர். ‘படிக்கவில்லையென்றால் கடையில் போய் உட்கார்’ என்ற மிரட்டலைக் கேட்காமல் வளர்ந்த கடைக்காரர் மகன் யாரையும் நான் கண்டதில்லை. தன் கையால் நடத்தும் தொழிலையே பிள்ளைக்குப் பூச்சாண்டியாகக் காட்டும் பெற்றோரிடம், பாடப்புத்தகத்தின் ஓர் அலகு என்ன செய்துவிடும்? பள்ளியும் அதே பாட்டைத்தான் பாடுகிறது. பத்தாம் வகுப்பில் நான் கணக்கில் தோற்றபோது, என் ஆசிரியர் ஒருவர் விடைத்தாளை நீட்டி, “பரவாயில்லை, உனக்குத்தான் கல்லா இருக்கிறதே” என்றார். வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பில் என் அப்பாவின் முப்பது வருட உழைப்பு போயிற்று.

அப்பாவுக்குக் கும்பகோணத்தில் சிறிய பாத்திரக்கடை. பழைய பித்தளையை எடைபோட்டுச் சேதாரம் கழித்துப் புதிது கொடுப்பார்; குத்துவிளக்குகள் நாச்சியார்கோயில் பட்டறையிலிருந்து வரும். இரவில் கடையடைத்து வந்து பேரேட்டை விரிப்பார். நானோ தம்பியோ அருகில் போனால் மூடிவிடுவார். “இதெல்லாம் உங்களுக்கு எதுக்குடா, போய்ப் படிங்க.” ஆடி மாதத்தில் கல்யாணம் இல்லை, வியாபாரமும் இல்லை. ஓர் ஆடியில் அம்மாவின் கையில் வளையல்கள் இல்லாததைத் தம்பிதான் முதலில் கவனித்துக் கேட்டான். அன்றிரவு, ஏனோ தெரியவில்லை, அப்பா எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேரேட்டைத் திறந்து காட்டினார். ஆவணி முகூர்த்தங்களுக்காக விளக்குகளுக்கு முன்பணம் கொடுத்திருந்தார். வளையல்கள் அடகுக் கணக்கில் ஒரே வரியில் இருந்தன.

நெதர்லாந்தில் மாணவர்களையே சிறு நிறுவனம் நடத்தவைத்த பயிற்சி ஒன்றை ஆராய்ந்தவர்கள், பயிற்சி பெற்றவர்களிடம் தொழில் தொடங்கும் விருப்பம் குறைந்துபோனதாக 2010இல் எழுதினார்கள். பலர் இதைத் தோல்வி என்பார்கள், நான் சொல்லமாட்டேன். ஏனென்றால் அந்த ஆடி இரவில் எனக்கு நடந்ததும் அதுதான். அந்த ஒற்றை வரியைப் பார்த்த கணமே, மாதச் சம்பளம் வரும் வேலைக்குத்தான் போவது என்று முடிவு செய்தேன், போனேன், ஓய்வும் பெற்றுவிட்டேன். ஆனால் மிரட்டலுக்குப் பயந்து எடுத்த முடிவல்ல அது. கணக்கைப் பார்த்து எடுத்தது. தம்பியும் அதே பக்கத்தைத்தான் பார்த்தான். அதன்பிறகு அவன் வளையலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. விளக்கின் அடித்தட்டு, தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் நிற்கும் பிரபை எல்லாம் தனித்தனியாகத் திருகிச் சேர்ப்பவைதானே, பிரபை தொலைந்துபோனவர்களுக்கு நாம் ஏன் பிரபையை மட்டும் விற்பதில்லை என்று கேட்டான். கடையை இப்போது நடத்துவது அவன்தான்.

உங்கள் 3 பேரில் எத்தனை பேர் ஒரு நஷ்டக் கணக்கையாவது பார்த்திருக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். அந்தப் பெண்ணை நாளை வாசலில் நிறுத்தாதீர்கள். நேற்றிரவு கடைசி முழத்தை என்ன விலைக்கு விற்றாள், ஏன் அந்த விலைக்கு விற்றாள் என்று வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் கேளுங்கள். அவள் சொன்னதை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.